முப்பத்தாறு பல்

சதுர மூலைச் செயின்தான் வேணும் எண்டுவான் தவபாலன்.
பச்சை மாமரத்தில் விட்டால்
தூள் பறக்காது, சீவல் பறக்கும்.
அது உண்மைதான், நான் மறுக்கேல்லை.
ஆனால் பனை வேறை சாமான்.
வெளிவைரம் கறுப்புக் கம்பி கம்பியாய் நிக்கும்,
அதுக்குள்ளை சோளகம் ஊதி ஏத்தின மணல்.
ரெண்டாம் குத்திக்கு முதலே
மூலை மழுங்கிவிடும்.

எனக்கு உருண்டை மூலை.
மெல்லப் போகும்.
மழுங்கினதை ஒத்துக்கொள்ள அதுக்கு நேரம் எடுக்கும்.
உன்னை மாதிரி, எண்டுவான்.

தீட்டுறதிலும் எங்களுக்குள்ளை வழக்கு.
அவன் சுன்னாகத்து லேத்துப் பட்டறையில் குடுப்பான்.
கல்லுச் சில்லு சுத்தும், பொறி பறக்கும்,
ஒரு பிளேன்டீ முடியிறதுக்குள்ளை
எல்லாப் பல்லும் ஒரே கோணம்.
வடிவாய்த்தான் இருக்கும்.
ஒருநாள் வெயிலில் பிடிச்சுப் பார்த்தன்:
நுனியெல்லாம் நீலம் பாரிச்சு,
பாம்பு கடிச்ச கால் மாதிரி.
சூட்டில் செத்த இரும்பு.
அதுக்குப் பிறகு அரம் வைத்தால் வழுக்கும்.

என்ரை அரம் அஞ்சரை மில்லி, உருண்டை.
முப்பது பாகைக்குப் பலகையில் கீறின கோடு.
பல்லுக்கு மூண்டு தள்ளு;
திரும்பி வரேக்கை தூக்கவேணும்.
இடப்பக்கம் பதினெட்டு. எழும்பி,
மற்றப் பக்கம் போய்க் குந்தி,
வலப்பக்கம் பதினெட்டு.
எந்தக் கோடு கீறியும் என்ன,
வலப்பக்கப் பல்லு எனக்குக் கொஞ்சம் கட்டையாய்த்தான் போகும்.
அதாலை என்ரை வெட்டு எப்பவும்
ஒரு பக்கம் வளையும்.
இணுவிலில் ஒருத்தர் அதைப் பார்த்து
குடிச்சிட்டோ தம்பி அறுத்தனீர் எண்டு கேட்டவர்.

அளவெட்டியில் நேசமலர் அக்காவின்ரை வேம்பு
புது மதிலுக்கு இடைஞ்சல்.
உள்ளுக்கை இரும்பு இருக்கோ எண்டு கேட்டம்.
எல்லா வளவிலும் கேக்கிற கேள்விதான்.
ஷெல் துண்டு இருக்கலாம், ஆருக்குத் தெரியும், எண்டா.
பழைய ஸ்பீக்கரில் கழட்டின காந்தத்தைப்
பட்டை நீளத்துக்கு இழுத்துப் பார்த்தம்.
ஒண்டும் பிடிக்கேல்லை.
வேம்புக்கு என்ரை செயின், எண்டான் தவபாலன்.
நான் விட்டுக் குடுத்தன்.

இடுப்பு உயரத்தில், ஒரு சாண் உள்ளுக்கை,
மெசின் கத்தினது.
பச்சை மரத்துக்குள்ளாலை பொறி.
நிப்பாட்டினான். கையை உதறினான்.
கோடாலியும் உளியுமாய் நான் பிளந்தன்.

சைக்கிள் செயின்.
மரத்தைச் சுத்திக் கட்டி, பூட்டும் போட்டது.
வேம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாய் விழுங்கி
மேலே பட்டை மூடியிருக்கு.
சுத்திவர வைரம் மை குடிச்ச மாதிரிக் கறுத்துக் கிடந்தது.
எங்கடை செயின் அதில் ரெண்டு கண்ணியை வெட்டியிருந்தது.
பூட்டு, பூட்டினபடி.

அக்கா வந்து பார்த்தா.
குனிஞ்சு பெருவிரலால் கறலை ஒருக்கால் துடைச்சா.
சாவி இருக்கு, எண்டா.
உள்ளுக்கை போனா.
திரும்பி வரேக்கை கையில் தேத்தண்ணிதான் இருந்தது,
ரெண்டு கோப்பை, சீனி கூட.
மிச்ச மரத்தை என்ரை செயினாலை
வளைச்சு வளைச்சு அறுத்து முடிச்சம்.
பல்லுக்குக் காசு கேக்கேல்லை.

இரவு தவபாலன் வந்தான்.
பட்டறை பூட்டேல்லை, எட்டு மணிமட்டும் திறந்துதான் இருக்கும்,
எனக்குத் தெரியும்.
செயினை மேசையில் வைச்சான்.
பதினொரு பல்லுக்கு மூலை இல்லை,
ஒண்டு பாதியோடை போட்டுது.
அந்தப் பாதியின்ரை அளவுக்கு
மிச்ச முப்பத்தஞ்சையும் இறக்கவேணும்,
நல்ல பல்லையும்தான்.
இல்லாட்டில் மெசின் குதிக்கும்.
பேந்து முன்மேட்டையும் தட்டை அரத்தாலை குறைக்கவேணும்.
விடியும், எண்டன்.
விடியட்டும், எண்டான்.

அரத்தை எடுத்தன். மூண்டு தள்ளு.
அடுத்த பல். மூண்டு.
பதினெட்டு முடிய, கதிரையைத் தூக்கிக்கொண்டு
மற்றப் பக்கம் போனன்.
இந்தப் பக்கம் கொஞ்சம் கட்டையாய்ப் போகும், சொல்லிப்போட்டன்.
அவன் டோர்ச்சைக் கிட்டப் பிடிச்சான்.